நாமக்கல் கோழிக்கு இருக்கும் வரம் நமக்கு இல்லை

காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீங்கன்னா, முதல்ல ஒரு சின்ன வேலை. காதில் இருக்கிற இயர்போனைக் கழட்ட வேண்டாம். வால்யூம் எவ்வளவில் இருக்குன்னு மட்டும் பார்த்து ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில் அதுக்கு வருவோம்.

எங்க வீடு பள்ளிபாளையம். அப்பா இருபத்தெட்டு வருஷமா விசைத்தறி ஓட்டுறார். எங்க வீட்டில் தினமும் ராத்திரி ஒரு சண்டை நடக்கும். அப்பா டிவி சத்தத்தை ஏத்துவார், அம்மா குறைப்பாங்க. "ஏனுங்க, நாலு வீட்டுக்குக் கேக்குதுங்க"ன்னு அம்மா சொன்னா, அப்பா "என்ன?"ன்னு கேப்பார். நான் ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணினா ரெண்டு வார்த்தை பேசிட்டு "அம்மாகிட்ட குடுக்கறேன்"னு வெச்சிடுவார். அவருக்கு என்கிட்ட பேசப் பிடிக்கலைன்னுதான் ரெண்டு வருஷம் நினைச்சுட்டு இருந்தேன்.

போன தீபாவளி லீவில் வலுக்கட்டாயமா கூட்டிட்டுப் போய் காது டெஸ்ட் எடுத்தோம். ஆடியோகிராம்னு ஒரு கிராஃப் குடுத்தாங்க. குறைந்த அதிர்வெண்ணில் கோடு ஓரளவு நேரா போகுது. 3000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் கிணத்துக்குள்ள கல்லைப் போட்ட மாதிரி கீழே இறங்குது. 4000 ஹெர்ட்ஸில் பள்ளம். டாக்டர் என்னைப் பார்த்து, "தம்பி, போனது திரும்ப வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்"னார்.

ஏன் திரும்ப வராது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

காதுக்குள்ளே ஒரு இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட்

காதை வெளிக்காது, நடுக்காது, உள்காதுன்னு மூணா பிரிப்பாங்க. வெளிக்காது ஒலியைப் பிடிச்சு செவிப்பறைக்கு அனுப்பும். நடுக்காதில் சுத்தி, பட்டை, அங்கவடின்னு மூணு குட்டி எலும்பு. உள்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்ட காக்ளியா. அதுக்குள்ள திரவம்.

நேரா திரவத்துக்கே ஒலியை அனுப்பாம நடுவில் எதுக்கு மூணு எலும்பு? கிணத்துல முங்கி இருக்கும்போது மேட்டில் நிக்கிறவன் கத்தினா சரியா கேக்காது இல்லையா? காற்றில் வர்ற ஒலி தண்ணியில் மோதினா கிட்டத்தட்ட 99.9 சதவீதம் திரும்பிப் போயிடும். நம்ம ஈ.சி.இ. பசங்க பாஷையில் சொன்னா இம்பிடன்ஸ் மிஸ்மேட்ச். அதைச் சரி பண்ணத்தான் நடுக்காது. செவிப்பறையின் பரப்பு, உள்காதின் வாசல் ஜன்னலை விட சுமார் 17 மடங்கு பெருசு. எலும்புகளின் நெம்புகோல் வேலை இன்னொரு 1.3 மடங்கு. ரெண்டையும் பெருக்கினா அழுத்தம் 22 மடங்கு. அதாவது கிட்டத்தட்ட 27 டெசிபல் ஆதாயம். கரன்ட்டே இல்லாத ஒரு டிரான்ஸ்ஃபார்மர்!

காக்ளியாவின் வேலை அதிர்வெண்ணைப் பிரிக்கிறது. வாசல் பக்கம் உயர் அதிர்வெண், உச்சி பக்கம் தாழ் அதிர்வெண். ஒலி உள்ளே ஒரு நகரும் அலையா போய், அதது இடத்தில் உச்சம் தொடும்னு கண்டுபிடிச்ச கியார்க் ஃபான் பெக்கேஷிக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைச்சது. நாம எஃப்.எஃப்.டி. கோடு எழுதி பண்றதை, 35 மில்லிமீட்டர் நீளத்தில் காது பிறவியிலேயே பண்ணிட்டிருக்கு.

அந்த அலையை மின்சார சிக்னலா மாத்துறது முடி செல்கள். ஒரு காதுக்கு சுமார் 15,000. அதில் 3,500 போல உள்வரிசை; மூளைக்கு செய்தி அனுப்புறது இதுங்கதான். மீதி 12,000 வெளிவரிசை. மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் குடுக்கிற ஆம்ப்ளிஃபயர். இந்த ஆம்ப்ளிஃபயர் வேலை செய்யும்போது காதே வெளியே ஒரு மெல்லிய ஒலியை விடும்னு டேவிட் கெம்ப் 1978-ல் காட்டினார். பிறந்த குழந்தைக்கு காது கேக்குதான்னு இன்னிக்கு ஆஸ்பத்திரியில் பாக்கறது அந்த ஒலியை வெச்சுத்தான்.

கோழிக் கதை

1980-களின் கடைசி வரை, முதுகெலும்புள்ள வெப்ப ரத்த உயிர் எதுக்கும் கேட்கும் முடி செல்கள் ஒருமுறை செத்தா அவ்வளவுதான்னு நம்பிட்டு இருந்தாங்க. அப்பத்தான் கோழிக்குஞ்சுகளைப் பலத்த இரைச்சலில் வெச்சுப் பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு ஆச்சரியம். செத்த செல்கள் இருந்த இடத்தில் புது முடி செல்கள் முளைச்சிருந்தது! 1988-ல் சயின்ஸ் இதழில் இந்த முடிவுகள் வந்தது. பறவைகளுக்கு அந்த வரம் இருக்கு.

நாமக்கல்லில் எத்தனை கோழிப்பண்ணை இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அத்தனை கோழிக்கும் இருக்கிற அந்த வரம், அதுக்குத் தீவனம் அரைக்கிற மில்லில் நிக்கிற மனுஷனுக்கு இல்லை. நமக்கு 15,000 செல்தான். பிறக்கும்போது குடுத்தது. ரீசார்ஜ் கிடையாது.

வாசலில் வர்ற பிரச்சினைகள்

எல்லாக் காது பிரச்சினையும் நிரந்தரம்னு பயப்பட வேண்டாம். வெளிக்காது, நடுக்காதில் வர்றதில் பெரும்பாலானதைச் சரி பண்ணிடலாம். ஒலி உள்ளே போற பாதையில் தடை, அவ்வளவுதான்.

முதல்ல குரும்பி. அது அழுக்கு இல்லைங்க, தோலுக்குக் காவல். தானாவே மெதுவா வெளியே நகர்ந்து வரும். பட்ஸ், ஹேர்பின், வண்டிச் சாவி விட்டுக் குடையும்போது அதை உள்ளே தள்ளி இறுக்கிடறோம். அடைச்சுக்கிச்சுன்னா டாக்டர் சொட்டு மருந்து குடுத்து எடுத்து விடுவார். அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்து பூஞ்சை. கிணத்துலயும் வாய்க்காலிலும் குதிச்சுக் குளிச்சுட்டு, ஈரக் காதுல பட்ஸ் விட்டுக் கீறினா பூஞ்சை வர நல்ல இடம் ரெடி. அரிப்பு, அடைப்பு, வலி. ஒருத்தர் இயர்போனை இன்னொருத்தர் போடறதும் நல்ல பழக்கம் இல்லை.

மூணாவது, காதில் சீழ். மூக்குக்கும் நடுக்காதுக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கு. சளி பிடிச்சா கிருமி அது வழியா ஏறி, செவிப்பறையில் ஓட்டை போட்டு சீழா வரும். சின்ன வயசில் காது ஒழுகினவங்க நம்ம வகுப்பிலேயே ரெண்டு பேராவது இருப்பாங்க. ஓட்டை தானா மூடலைன்னா ஆபரேஷன்ல அடைக்கலாம். ஆனா நாத்தம் அடிக்கிற சீழ் விடாம வந்துட்டே இருந்தா அலட்சியம் வேண்டாம். அது உள்ளே எலும்பையே அரிக்கிற வகையா இருக்கலாம்.

இங்கே ஒரு வேண்டுகோள். காது வலின்னா நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தற பழக்கம் நம்ம ஊரில் இன்னும் இருக்கு. செவிப்பறையில் ஓட்டை இருக்கான்னு வெளியே இருந்து உங்களுக்குத் தெரியாது. இருந்தா எண்ணெய் நேரா நடுக்காதுக்குப் போகும். அன்பாத்தான் ஊத்தறாங்க, இருந்தாலும் தடுத்திடுங்க.

உள்ளே போயிட்டா

உள்காதில் வர்ற குறை வேற வகை. வயசு, பொன்னுக்குவீங்கி, ஜென்டாமைசின் மாதிரி சில ஊசி மருந்துகள், பரம்பரைன்னு பல காரணம் இருக்கு. ஆனா முழுசா தடுக்கக்கூடிய காரணம் ஒண்ணு இருக்குன்னா அது இரைச்சல்.

இரைச்சலைப் புரிஞ்சுக்க டெசிபல் கணக்கு வேணும். அது மடக்கை அளவு. 3 டெசிபல் ஏறினா ஒலியின் சக்தி ரெண்டு மடங்கு. 10 ஏறினா பத்து மடங்கு. அதனால 85-க்கும் 97-க்கும் 12 தானே வித்தியாசம்னு நினைச்சா ஏமாந்துடுவோம். அது 16 மடங்கு.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்ற கணக்கு இது: 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88-ல் நாலு மணி, 91-ல் ரெண்டு, 94-ல் ஒண்ணு, 97-ல் அரை மணி, 100-ல் கால் மணி.

நாடா ஓடற தறிப்பட்டறைக்குள்ள 95 முதல் 100 டெசிபல் வரைக்கும் இருக்கறது சாதாரணம். நடுவில் 97-ன்னு வெச்சுக்கோங்க. அங்கே அனுமதி அரை மணி நேரம். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். வகுத்துப் பாருங்க: 24. அப்பாவின் காது ஒவ்வொரு நாளும் 24 நாளுக்கான இரைச்சலை வாங்கிட்டு வந்திருக்கு. இருபத்தெட்டு வருஷம்.

தறி மட்டும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் கம்ப்ரசர் பக்கத்தில் நிக்கிறவர், நாமக்கல்லில் லாரி பாடி கட்டற பட்டறையில் தகரம் தட்டறவர், கிரைண்டிங் மெஷின் பிடிக்கிறவர், எல்லாரும் இதே கணக்கில்தான் இருக்காங்க. நம்மில் பாதிப் பேர் அவங்க வீட்டுப் பிள்ளைங்க.

"சத்தம் கேக்குது, வார்த்தை புரியலை"

இரைச்சலால் வர்ற குறை முதலில் கைவைக்கிறது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரைக்கும், குறிப்பா 4000 பக்கம். நம்ம பேச்சில் உயிரொலிகள் தாழ் அதிர்வெண்ணில் பலமா இருக்கு. ஆ, ஊ, ஓ எல்லாம் நல்லா கேக்கும். ஆனா ஒரு சொல்லை இன்னொரு சொல்லில் இருந்து பிரிச்சுக் காட்டற வல்லின வெடிப்புகளும், 'ஸ' மாதிரி உரசற சத்தங்களும் மெலிசானது, உயர் அதிர்வெண்ணில் இருக்கறது. அது போச்சுன்னா 'சட்டை', 'கட்டை', 'பட்டை' எல்லாம் ஒண்ணுதான். 'கடி', 'தடி', 'படி' எல்லாம் ஒண்ணுதான்.

அப்பா அதைத்தான் சொல்லிட்டு இருந்தார்: "சத்தம் கேக்குது, வார்த்தை புரியலை." போனில் முகமும் தெரியாது, உதடும் தெரியாது. அதனாலதான் அம்மாகிட்ட குடுத்தார்.

இன்னொண்ணு. சத்தமா பேசினா "ஏன் கத்தறே?"ன்னு கோபம் வரும். மெதுவா பேசினா கேக்காது. இது குணம் இல்லைங்க. பெருக்கித் தரும் வெளிவரிசை செல்கள் செத்ததும், மெல்லிய ஒலி காணாமப் போகுது. பலத்த ஒலி மட்டும் அப்படியே பலமா வந்து விழுது. நடுவில் இருக்கிற வசதியான இடைவெளி சுருங்கிடுது. "வேணும்னா காதுல விழுது, வேண்டாம்னா விழறதில்லை"ன்னு நாம வீட்டில் பெரியவங்களைக் கிண்டல் பண்றோமே, அதுக்குப் பின்னாடி பல நேரம் இதுதான் இருக்கு.

கூடவே வர்றது காது இரைச்சல். பட்டறையை நிறுத்தின பிறகும் காதுக்குள்ள 'கீ'ன்னு விடாத சத்தம். ராத்திரி அமைதியில்தான் அது ரொம்ப பெருசாத் தெரியும். அப்பா ஏன் டிவியைப் போட்டுக்கிட்டே தூங்கறார்னு இப்பத்தான் புரியுது.

ஸ்காட்லாந்திலும் இதே கதை

இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த விதி இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரம் சணல் நெசவுக்குப் பேர் போனது. அங்கே தறி ஓட்டினவங்கள் பெரும்பாலும் பெண்கள். சத்தம் நம்ம பட்டறை மாதிரியே சுமார் 100 டெசிபல். அந்த நெசவாளிகளின் காதை அளந்து ஒரு ஆய்வு 1965-ல் வந்தது. வருஷம் கூடக் கூட குறை எப்படி வளருதுன்னு அது காட்டிச்சு. இரைச்சல் குறைபாட்டைப் பத்தின அடிப்படை ஆய்வுகளில் அதுவும் ஒண்ணு. அந்தப் பெண்கள் உதட்டசைவாலும் கை ஜாடையாலும் பேசிக்கிட்டாங்க. நம்ம பட்டறைக்குள்ள போய்ப் பாருங்க. 'நூல் அறுந்துடுச்சு', 'டீ வந்துடுச்சு', 'கரன்ட் போகப் போகுது' எல்லாமே கையாலதான். அதை நாம திறமைன்னு ரசிக்கிறோம். அது வேலையோட விலையில் ஒரு பகுதி.

1948-ஆம் வருஷத்து தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், இரைச்சலால் வரும் காது கேளாமை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களில் ஒண்ணா இடம் பிடிச்சது. ஆனா மின்சாரத்தில் இயங்கற இடமா இருந்தா பத்து பேராவது வேலை செஞ்சாத்தான் அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலைன்னு சொல்லிச்சு. வீட்டை ஒட்டி எட்டு தறி, மூணு ஆள்னு ஓடற பட்டறை அதுக்குள்ள வரலை. அங்கே டெசிபல் மீட்டரோட யாரும் வந்ததில்லை.

இப்ப உங்க காதுக்கு வருவோம்

ஆரம்பத்தில் பார்த்த வால்யூம் ஞாபகம் இருக்கா? பஸ்ஸில் இன்ஜின் சத்தம், டிரைவர் போடற பாட்டு, நாப்பது பேர் பேச்சு. அதை ஜெயிக்க நீங்க உங்க பாட்டை அதுக்கு மேல ஏத்தறீங்க. அதே வால்யூமை ராத்திரி ஹாஸ்டல் ரூமில் வெச்சுக் கேட்டுப் பாருங்க, காது கூசும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற வாராந்திர அளவு: 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல்னா வாரத்துக்கு நாலே மணி நேரம். சேலத்தில் இருந்து தினமும் போக வர ரெண்டு மணி நேரம் பஸ்ஸில் வர்றவர், 90-ல் கேட்டார்னா செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வாரக் கணக்கு முடிஞ்சுது. நூறு கோடிக்கு மேற்பட்ட இளைஞர்கள் இப்படிக் கேட்டே காதைக் கெடுத்துக்கிற ஆபத்தில் இருக்காங்கன்னும் அதே நிறுவனம் சொல்லுது. அப்பாவுக்காவது அந்தச் சத்தம் சோறு போட்டுச்சு.

செய்ய வேண்டியது ரொம்ப எளிமையானது:

• வால்யூம் 60 சதவீதத்துக்குள்ள. பஸ்ஸில் அது பத்தலைன்னா, காதை நல்லா அடைக்கிற வகை இயர்போனோ வெளிச்சத்தத்தைக் குறைக்கிற வகையோ வாங்குங்க. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழட்டுங்க. போனிலேயே வாராந்திர ஒலி அளவு காட்டற வசதி இருந்தா திறந்து பாருங்க.

• கல்ச்சுரல்ஸ், கோயில் திருவிழா எங்கே போனாலும் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நிக்காதீங்க. தள்ளி நின்னாலும் அதே பாட்டுதான். மறுநாள் காலையில் காது அடைச்சு 'கீ'ன்னு இருந்தா, காது எச்சரிக்கை பண்ணுதுன்னு அர்த்தம்.

• வொர்க்ஷாப், இன்டர்ன்ஷிப், பட்டறை எதுவானாலும் ஃபோம் இயர்பிளக். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்து உள்ளே விட்டு, விரியற வரைக்கும் பிடிக்கணும். சரியா போட்டா 15, 20 டெசிபல் குறையும். வெறும் பஞ்சு வெச்சா பெருசா பிரயோஜனம் இல்லை.

• தூங்கி எழுந்தா ஒரு காது திடீர்னு கேக்கலையா? குரும்பின்னு நினைச்சு வாரக்கணக்கில் காத்திருக்காதீங்க. உள்காது நரம்புக் குறையா இருந்தா அது அவசர சிகிச்சை வேண்டிய விஷயம். அன்னிக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. முதல் சில நாட்களில் மருந்து ஆரம்பிச்சா மீட்கற வாய்ப்பு அதிகம். இரைச்சலால் செத்த செல்லுக்கு இல்லாத வாய்ப்பு இதுக்கு இருக்கு.

• படுக்கையில் புரண்டா சில நொடி உலகமே சுத்துதா? அதுவும் பெரும்பாலும் காதுதான். உள்காதில் சமநிலை பாக்கற இடத்தில் குட்டிப் படிகங்கள் இடம் மாறி இருக்கும். தலையை முறைப்படி திருப்பியே டாக்டர் சரி பண்ணிடுவார்.

வீட்டில் பெரியவங்களை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலமா தகுதி உள்ளவங்களுக்குக் காதொலிக் கருவி இலவசமா கிடைக்கும். பிறவியிலேயே காது கேளாத ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் செய்யறாங்க. இதைத் தெரியாம எத்தனையோ குடும்பம் உக்காந்திருக்கு. சொல்லுங்க.

கண்ணாடி போட்டா 'படிச்சவர்'னு சொல்ற ஊரு, காது மிஷின் போட்டா 'செவிடு'ன்னு சொல்லுது. எங்க அப்பாவும் அதுக்குத்தான் பயந்தார். மூணு மாசம் மிஷினைப் பெட்டியிலேயே வெச்சிருந்தார்.

அப்புறம் நடந்தது ரெண்டே விஷயம். நான் வீட்டுக்குப் போனா, பக்கத்து ரூமில் இருந்து கத்தாம, அவர் எதிரில் உக்காந்து முகத்தைப் பார்த்து நிதானமா பேசறேன். ரெண்டாவது, ஒரு டப்பா இயர்பிளக் வாங்கிட்டுப் போய்ப் பட்டறையில் குடுத்தேன். அப்பாவுக்கு வயசாயிடுச்சு. ஆனா அங்கே தார் போடற பையனுக்குப் பத்தொன்பது வயசு, என் வயசு. அவனோட 15,000-ல் இன்னும் நிறைய மிச்சம் இருக்கு. முதல் நாள் எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப நாலு பேரில் ரெண்டு பேர் போடறாங்க.

ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடிட்டு இருக்கிற சீனியர்களே, ஒரு மைக், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போதும். உங்க ஊர்ப் பட்டறையில் ஒரு ஷிப்ட் முழுக்க இரைச்சலை அளந்து, அங்கேயே சிவப்பு விளக்கு எரியற மாதிரி ஒரு மீட்டர் பண்ணலாம். தறி உடம்பில் அதிர்வைக் குறைக்க எங்கே ரப்பர் வைக்கலாம்னு மெக்கானிக்கல் பசங்க பாக்கலாம். நம்ம வீட்டுச் சத்தத்தை நாமளே அளக்கலைன்னா வேற யார் வந்து அளக்கப் போறாங்க?

போன ஞாயித்துக்கிழமை அப்பாவே போன் பண்ணினார். மிஷின் போட்டிருந்தாராம். பதினோரு நிமிஷம் பேசினோம். தீபாவளிக்கு முன்னாடி இருந்த ரெண்டு வருஷத்தையும் சேர்த்தா அவ்வளவு வராது.

சரி, இப்ப அந்த வால்யூமைக் கொஞ்சம் இறக்குங்க.